முயலுக்கு வழக்கு, விராலுக்கு விழா: பழைய வேட்டை வழக்கங்களில் எது சட்டத்துக்குள், எது வெளியே?

மாசி பிறந்து சித்திரை முடிவதற்குள் தென்மாவட்டச் செய்திகளில் இரண்டு விதமான படங்கள் மாறி மாறி வரும். ஒன்றில் வனச்சரக அலுவலக வாசலில் இளைஞர்கள் நிற்பார்கள். முன்னால் பறிமுதல் செய்த வலை, டார்ச் லைட், நாலைந்து செத்த முயல்கள். இன்னொன்றில் கண்மாய்க்குள் முழங்கால் சேற்றில் பெருங்கூட்டம் ஊத்தா என்ற மூங்கில் கூடையும் கையுமாக விரால் பிடித்துக்கொண்டிருக்கும். காவலர்கள் கரையில் பாதுகாப்புக்கு நிற்பார்கள். இரண்டும் தாத்தன் பூட்டன் காலத்து வழக்கம்தானே, ஒன்றுக்கு அபராதம், மற்றதற்குப் பாதுகாப்பா என்று ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள்.

கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு பழைய வழக்கம் என்பதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பிடிபடுகிற உயிர் சட்டத்தின் எந்தப் பட்டியலில் இருக்கிறது, பிடித்து முடித்த பிறகு அந்த இடத்தில் என்ன மிஞ்சுகிறது என்ற இரண்டையும் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

## முதலில் சில சொற்கள்

பாரிவேட்டை. பரிவேட்டை, பார்வேட்டை என்றும் ஊருக்கு ஊர் சொல்வார்கள். கோயில்களில் இது சாமி வேட்டைக்குப் புறப்படும் உற்சவம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் மாட்டுப் பொங்கலன்று பழைய சீவரத்துக்கு எழுந்தருளுவது இந்த வகை. அங்கே வேட்டை என்பது சடங்கு மட்டும்தான், எந்த உயிரும் சாவதில்லை. சில கிராமங்களில் இதே பெயரில் ஆண்கள் கூட்டமாகக் காட்டுக்குப் போய் முயல் பிடித்து வந்து, ஊர்ப் பொதுவில் கூறு போட்டுக்கொள்வதும் உண்டு. "பாரிவேட்டைக்குத் தடை" என்று செய்தி வரும்போது பக்தர்கள் பதறிப்போவது இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான்.

கண்ணி, பொறி, பார்வை. கண்ணி என்பது சுருக்கு. கௌதாரியும் காடையும் நடந்துபோகும் தடத்தில் வரிசையாக நட்டு வைப்பது. பொறி, இரையை எடுத்ததும் விழுந்து மூடுவது. பார்வை என்பது பழக்கி வைத்த விலங்கையோ பறவையையோ கட்டிவைத்து, அதன் இனத்தை அருகே இழுப்பது. இந்தச் சொல்லுக்கு வயது அதிகம். புறநானூற்றின் 320-ஆம் பாட்டில் வேட்டுவன் அசந்து தூங்குகிறான். அவன் கட்டிவைத்த பார்வைப் பிணையோடு, அதாவது பெண்மானோடு, ஒரு காட்டுக் கலைமான் வந்து கூடி விளையாடுகிறது. காயவைத்த தினையைக் கானக்கோழி தின்கிறது. ஓட்டினால் கணவன் விழித்துவிடுவான், கலைமானும் பிணையை விட்டு ஓடிவிடும் என்று அஞ்சி, வேட்டுவன் மனைவி சத்தம் காட்டாமல் இருக்கிறாள்.

கண்மாய் அழிப்பு. பயப்பட வேண்டாம், கண்மாயை அழிப்பதில்லை. கோடையில் தண்ணீர் வற்றி வரும்போது, மிச்சமிருக்கும் மீனை ஊரே கூடிப் பிடித்து முடிப்பது. செய்திகள் மீன்பிடித் திருவிழா என்று எழுதுவது இதைத்தான்.

## சட்டம் எதை 'வேட்டை' என்கிறது?

அடிப்படைச் சட்டம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். பலர் தடுமாறும் இடங்கள் நான்கு.

1. கொல்வது மட்டும் வேட்டை அல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை வைத்து இழுப்பது, விரட்டுவது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலை ஒட்டி நடக்கும் வங்காநரி ஜல்லிக்கட்டில், நரியை வலை வைத்துப் பிடித்து வந்து ஊருக்குள் ஓடவிட்டுப் பிறகு காட்டில் விட்டுவிடுகிறார்கள். "நாங்கள் கொல்லவே இல்லையே" என்பது அவர்கள் வாதம். வலையில் பிடித்தபோதே குற்றம் முடிந்துவிடுகிறது.

2. இடம் ஒரு பொருட்டே இல்லை. காப்புக்காட்டுக்கு வெளியே, சொந்தப் பட்டா நிலத்தில் பிடித்தாலும் அதே சட்டம்தான். "காட்டுக்குள் கால் வைக்கவில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது.

3. 1972-இல் சட்டம் வந்தபோது சில விலங்குகளை உரிமம் வாங்கி வேட்டையாட இடமிருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவை மூடியது. இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள் "அப்போதெல்லாம் லைசென்ஸ் வாங்கிப் போவோம்" என்று சொல்வது பொய்யல்ல. அந்தக் காலம் சட்டப்படியே முடிந்துவிட்டது.

4. அட்டவணை, அதாவது எந்த உயிருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று சட்டம் போட்ட பட்டியல், முக்கியம். முயல் முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அட்டவணைகளைக் குறைத்து முயலை இரண்டாம் அட்டவணைக்குக் கொண்டுவந்தது. பொதுவான தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய அபராத வரம்பு 25 ஆயிரம். முதல் அட்டவணை உயிர் என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் 25 ஆயிரத்துக்குக் குறையாது. மயிலும் உடும்பும் அழுங்கும் (எறும்புத்தின்னி) இந்த முதல் அட்டவணையில் இருக்கின்றன.

இந்த நான்காவது விஷயத்தில்தான் முயல் வேட்டைக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இரவில் புதர் ஓரம் கட்டிய வலைக்கு முயல் எது, உடும்பு எது என்று தெரியாது. நாய்க்கும் தெரியாது. முயலுக்கென்று கிளம்பியவர் பையில் உடும்போடு பிடிபட்டால், அபராதத்தோடு போகும் வழக்கு சிறைவாசமாக மாறிவிடுகிறது. பிடித்ததைக் காணொளி எடுத்துப் போடுகிறவர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே கொடுத்துவிடுகிறார்கள்.

காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் இன்னும் கொடியது. வெடிமருந்தைத் தீனிக்குள் பொதிந்து வைப்பார்கள். கடித்ததும் வாய் சிதறும். பன்றிக்கு வைத்ததை யானையும் மாடும் கடிக்கின்றன. தாடை உடைந்த யானை தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். இதை எந்தப் பாரம்பரியத்தின் கணக்கிலும் சேர்க்கக் கூடாது. பன்றியால் பயிர் அழிவது உண்மைதான். அதற்காகவே தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் தனி ஏற்பாடு ஒன்றை அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினராக இருக்க வேண்டும்.

## ஜல்லிக்கட்டுக்குக் கிடைத்தது முயலுக்குக் கிடைக்காதா?

2014-இல் உச்ச நீதிமன்றம் தடுத்த ஜல்லிக்கட்டை 2017-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்து மீட்டது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இதே வழியில் வேட்டைத் திருவிழாவையும் மீட்கலாம் என்று மேடைகளில் பேசுகிறார்கள்.

இரண்டும் வேறு வேறு சட்டங்கள். ஜல்லிக்கட்டு வழக்கு 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைச் சுற்றி நடந்தது. அங்கே காளை வளர்ப்பு விலங்கு, அதற்கு உரிமையாளர் உண்டு, அது வாடிவாசலைத் தாண்டி வீட்டுக்குத் திரும்புகிறது. முயல் வனவிலங்கு. வேட்டையாடப்பட்ட வனவிலங்கு அரசின் சொத்து என்றே 1972 சட்டம் சொல்கிறது.

தமிழ்நாட்டில் வனத்தோடு பிறந்து வளர்ந்த பழங்குடிகளுக்கே இந்த விலக்கு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுடைய பாரம்பரிய உரிமைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு ஏற்கிறது. நீர்நிலைகளில் மீன் பிடிப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. வேட்டையாடுவதும் பொறி வைப்பதும் மட்டும் பெயர் சொல்லி விலக்கப்பட்டிருக்கின்றன. மீனுக்கும் முயலுக்கும் நடுவே சட்டம் போட்ட கோடு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் இல்லை.

ஆனால் மீன் என்றாலே விலக்கு என்று நினைத்துவிடக் கூடாது. 2001-இல் கடல் அட்டையும் கடல் குதிரையும் அட்டவணைக்குள் வந்தன. ராமநாதபுரம் கரையில் மூச்சடக்கி மூழ்கி அட்டை எடுத்தவர்களின் பிழைப்பு அதோடு சட்டவிரோதமானது. அதே கடலின் மறுகரையில், இலங்கையின் வடக்கில், கடல் அட்டை இன்று பண்ணையில் வளர்க்கும் தொழில். இந்த முரண் மன்னார் வளைகுடா மீனவர்களை உறுத்துவதில் வியப்பில்லை.

## தடை யார்மேல் முதலில் விழுந்தது?

வேட்டைத் தடை 1972-இல் திடீரென்று வரவில்லை. அதற்கு முன்பே நூறாண்டுக்கும் மேலான கதை இருக்கிறது, அது நேர்மையான கதையும் அல்ல.

சிவகங்கைச் சீமையில் வளரி என்ற வளைதடி எறிவது வேட்டைக்கும் போருக்கும் பொதுவான கலையாக இருந்தது. தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதி வைத்திருக்கிறார். 1801-இல் அதே சின்ன மருதுவைத் தூக்கிலிட்ட பிறகு பாளையங்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1878-இல் ஆயுதச் சட்டம், 1882-இல் சென்னை வனச் சட்டம். இடையில் 1879-இல் நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. துரைமார்களின் வேட்டை குறைந்துவிடக் கூடாது என்பதே அதன் முதல் கவலை. துப்பாக்கியும் உரிமமும் வைத்திருந்தவர் வேட்டைக்காரர் ஆனார். கண்ணியும் கவணும் வைத்திருந்தவர் திருடர் ஆனார். குறவர் உள்ளிட்ட சமூகங்கள் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிறப்பாலேயே சந்தேகத்துக்கு உரியவர்களாக்கப்பட்டன.

ஆகவே பழைய வேட்டையை நினைத்து ஏங்குகிறவர்களை ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆண்டுக்கு ஒருநாள் நண்பர்களோடு காட்டுக்குப் போனவர் இழந்தது ஒரு கொண்டாட்டம். நரிக்குறவரும் இருளரும் இழந்தது உலை. நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதே 2022 டிசம்பரில்தான். பிழைப்பைப் பறித்து அரை நூற்றாண்டு கழித்து அடையாளம் கிடைத்தது. பாரம்பரியம் பேசுகிற நாம் இவர்களைப் பற்றி முதலில் பேசியிருக்க வேண்டும்.

## கைத்திறன் பிழைத்த ஓர் இடம்

இருளர் அனுபவம் இந்த விவாதத்தில் மிக முக்கியமானது. பாம்புத் தோல் ஏற்றுமதி இருந்தவரை செங்கல்பட்டு வட்டார இருளர்கள் பாம்பு பிடித்துத் தோல் வியாபாரிக்குக் கொடுத்தார்கள். 1970-களில் அந்த வணிகம் தடைசெய்யப்பட்டதும், தடம் பார்த்தே இது எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லத் தெரிந்த மனிதர்களுக்கு வேலை இல்லாமல் போனது.

1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர் உடனிருந்தார். 1972 சட்டத்தில் இதற்கு வழி உண்டு: உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுக்கத் தனி அனுமதி தரலாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் பிடித்து, வாயைத் துணி கட்டி மூடிய மண்பானையில் வைத்திருந்து, சுமார் மூன்று வாரத்தில் நான்கு முறை விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். ஒரே பாம்பை மறுபடி உடனே பிடித்துவிடாமல் இருக்க, அடிவயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டி வைப்பார்கள். பாம்புக்கடி மருந்துக்கான விஷம் இந்தப் பானைகளிலிருந்து நாடு முழுக்கப் போனது. சங்கத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்புக்காடுகளில் பெருகிப்போன மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுக்கப் போனார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

தோலுக்காகக் கற்ற அதே கை, அதே கண். மாறியது, பிடித்தபின் பாம்பு என்ன ஆகிறது என்பது மட்டும்.

## மீன் அழிப்பு ஏன் இயற்கைக்கு ஒத்துப்போனது?

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் 39 ஆயிரத்துக்கும் மேல். இவற்றில் பெரும்பாலானவை ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகி, பங்குனி, சித்திரையில் வற்றும். தண்ணீர் குறையக் குறையச் சூடாகும். சூடாக ஆகத் தண்ணீரில் உயிர்க்காற்று குறையும். கெண்டை போன்றவை முதலில் செத்து மிதக்கும். விரால், குரவை ஆகியவை மேலே வந்து காற்றை நேராகக் குடிக்கத் தெரிந்தவை என்பதால் கொஞ்சம் தாக்குப்பிடித்துச் சேற்றில் கிடக்கும். ஆக, எப்படியும் சாகப்போகிற மீனைத்தான் ஊர் பிடிக்கிறது. மடையை ஒட்டிய பள்ளத்தில் தப்பியதும், அடுத்த மழையில் வரத்துக்கால் வழியாக ஏறி வருவதும் கண்மாயை மறுபடி நிரப்பும். மேட்டுக்காட்டில் பிடிபட்ட முயலுக்கு இப்படி ஒரு கணக்கு கிடையாது.

ஊத்தா என்ற கருவியை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தால் மற்றது புரியும். மூங்கில் குச்சிகளை இடைவெளி விட்டுக் கட்டிய, அடியில்லாத கூடை. கீழே அகலம், மேலே கை நுழையும் வாய். கலங்கிய தண்ணீரில் மீன் கண்ணுக்குத் தெரியாது. ஓரடி எடுத்துவைத்து ஊத்தாவைச் சேற்றில் அழுத்த வேண்டும். உள்ளே மாட்டிய விரால் குச்சியில் முட்டும். அந்த அதிர்வு பிடித்திருக்கும் கைக்கு வரும். வரவில்லையென்றால் தூக்கி அடுத்த இடம். வந்தால் மேல்வாய் வழியே கையை விட்டு, சேற்றோடு அணைத்து, தலைப்பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும். வால்பக்கம் பிடித்தவர் கையில் வழுவழுப்புதான் மிஞ்சும். விரலளவு குஞ்சுகள் குச்சி இடைவெளியில் நழுவிப் போய்விடும். இன்று கண்மாயில் இறங்குகிற கொசுவலைத் துணியில் எதுவும் நழுவாது.

சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால்தான் இறங்க வேண்டும். முந்தி இறங்கக் கூடாது. சாதி, மதம், உள்ளூர், வெளியூர் பார்ப்பதில்லை. பிடித்த மீனை விற்காமல் வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த வருடம் மழை பெய்யும் என்பது நம்பிக்கை. இறங்குவதற்கு ஒரே நாள், ஒரே நேரம், விற்பனை கிடையாது என்ற மூன்று விதியும் சேர்ந்தால் அது பேராசைக்குப் போட்ட கட்டு. ஊரார் ஏங்குவது மீனின் ருசிக்காக மட்டும் அல்ல, இந்தக் கட்டுக்காகவும்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஊர் கூடி எடுத்த முடிவுக்கு வேறு பலமும் உண்டு. இதே சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்று தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

## இப்போது மீன் அழிப்புக்கு வந்திருக்கும் ஆபத்து

முயல் வேட்டையைச் சட்டம் நிறுத்தியது. மீன் அழிப்பை எந்தச் சட்டமும் நிறுத்தவில்லை. ஆனாலும் அது ஊர் ஊராக நின்றுபோகிறது.

கண்மாயில் தண்ணீர் தங்குவதில்லை. வரத்துக்கால் அடைபட்டு, உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மண் அள்ளிய இடங்களில் மீன் ஒதுங்கும் இயல்பான பள்ளத்துக்குப் பதில் செங்குத்தான குழிகள். சேறென்று நம்பிக் காலை வைப்பவருக்கு ஆள் மூழ்கும் ஆழம்.

மீன்களும் மாறிவிட்டன. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காத்து, ஆண்டுக்குப் பலமுறை பெருகும். நாட்டு மீனுக்கு இடம் விடாது. வளர்க்கத் தடை விதித்த ஆப்பிரிக்கக் கெளுத்தி எப்படியோ கண்மாய்க்குள் வந்து, குஞ்சு, தவளை என்று அகப்பட்டதையெல்லாம் விழுங்குகிறது. ஊத்தாவில் அது மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது. மாறாக, பால் ஆமை மாட்டினால் அதை அப்போதே விட்டுவிட வேண்டும். அது முதல் அட்டவணை உயிர். வீட்டுக்குக் கொண்டுபோனால் மீன் திருவிழாவுக்குப் போனவர்மேல் வனவிலங்கு வழக்கு வரும். மீன் பிடிக்க வெடித்தோட்டா போடுவதையும் நஞ்சு கலப்பதையும் 1897-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது.

கடைசியாக, மீன்பாசிக் குத்தகை. கண்மாய் மீனை ஏலம் விட்டு வருமானம் பார்ப்பது பழைய நடைமுறைதான். ஆனால் குத்தகைக்காரர் காசு போட்டுக் குஞ்சு வாங்கி விட்டிருக்கும்போது, ஊர் கூடி இறங்கினால் அது திருட்டு வழக்காகிவிடும். விழா நடத்த நினைக்கும் ஊர் முதலில் பார்க்க வேண்டியது, கண்மாய் நீர்வளத்துறையின் (முன்பு பொதுப்பணித்துறை) பொறுப்பில் இருக்கிறதா, ஊராட்சியிடம் இருக்கிறதா, நடப்புப் பசலிக்கு ஏலம் போயிருக்கிறதா என்பதை. பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. கண்மாய் வற்றும் காலமும் குத்தகை முடியும் காலமும் ஏறத்தாழ ஒன்றுதான். குத்தகைக்காரர் வலை போட்டுத் தன் பங்கை எடுத்த பிறகு, கடைசி வாரங்களில் ஒருநாளை ஊருக்கு விட வேண்டும் என்று ஏலத்துக்கு முன்பே பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டால் சண்டைக்கு இடமில்லை. ஏலம் முடிந்த பிறகு கேட்டால் குத்தகைக்காரர் மறுக்கலாம், மறுத்தால் சட்டம் அவர் பக்கம்தான் நிற்கும். அதனால் வெள்ளைத் துண்டு வீசும் தேதியை ஊர் பேச வேண்டியது பங்குனியில் அல்ல, அதற்கு முந்தைய ஆடி ஏலத்துக்கு முன்பே.